இதர

பெல்ப்பர் ஊரில் வெப்ப உதவி அலுவலகம்.
ஜனவரி முழுக்க என் மேசையில் விண்ணப்பங்கள்.
ஏழாம் கேள்வி:
வீட்டில் யாருக்காவது குளிரால் மோசமாகும் நோய் உண்டா?
ஆஸ்துமா, மூட்டுவாதம், இதயம் என்று
கிறுக்கலாய் வரும் வழக்கமாக.
ஒன்றில் மட்டும்
தாள் கிழியுமளவு அழுத்தி:
"மனைவி வினிஃப்ரெட். நெஷ்."
கையொப்பம், டெனிஸ் அவுட்ரம்.

நான் நார்ஃபோக்காரி.
எங்கள் கடற்கரைக் காற்று காதைத் திருகும்,
ஆனாலும் எங்களிடம் இந்தச் சொல் இல்லை.
அகராதியில் ஒரே வரி, சாய்வெழுத்தில்:
பெயரடை. குளிர் பொறுக்காத; பூஞ்சையான. வட்டார வழக்கு.

பக்கத்து மேசை டாரில் சிரித்தான்.
"அதை மூடி வை.
பனி நெஷ் ஆகாது, காற்று நெஷ் ஆகாது,
ஆள்தான் ஆவான்.
பள்ளி மைதானத்தில் கோட்டுக்குப் பொத்தான் போட்டவனை
போடாதவன் சொல்வது.
தன்னைத்தானே எவனும் சொல்லிக்கொள்ள மாட்டான்,
செத்தாலும்."

வியாழக்கிழமை நேரில் பார்க்கப் போனேன்.
கதவைத் திறந்தது வினிஃப்ரெட்.
அரைக்கைச் சட்டை, முழங்கை வரை மாவு,
பின்னால் சமையலறை ஜன்னல் ஆவென்று திறந்திருந்தது.
உள்ளே நாற்காலியில்
மேல்கோட்டு, அதன்மேல் போர்வை, கம்பளித் தொப்பி,
ஆறிப்போன தேநீர்க் கோப்பையை
இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு டெனிஸ்.
முப்பத்தொரு வருடம் கல்குவாரியில் வெடி வைத்தவர்.

வெப்பமானியை நீட்டினேன். பதினொன்று.
"இங்கே யார்..." என்று தொடங்கிவிட்டேன், புத்தியில்லாமல்.
அவர் தரையைப் பார்த்தார்.
வினிஃப்ரெட் ஒரு நொடிதான் நின்றாள்.
மாவுக் கையோடு
ஆணியில் தொங்கிய சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.
போய் ஜன்னலைச் சாத்தினாள்.
"சின்ன வயசிலிருந்தே நான் இப்படித்தான்" என்றாள்,
நெற்றியில் வியர்வையோடு.

கைக்கணினியில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.
பட்டியலின் அடியில் 'இதர' இருந்தது, அழுத்தினேன்.
யாருக்கு என்ற கட்டத்தில்
வினிஃப்ரெட் என்றே போட்டேன்.
எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டு.

படியிறங்கும்போது ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தேன்.
உள்ளேயிருந்து டெனிஸின் குரல்,
அன்றைக்கு முதல்முறையாகத் தெம்பாக:
"பாரேன் வினி,
இந்தப் பொண்ணு சரியான நெஷ்!"