பார்ஸ்னிப் வரிசை

ஏப்ரல் கடைசியில் விதைத்தது.
பார்ஸ்னிப்: கேரட்டுக்கு வெளுத்த அண்ணன்,
முளைக்கவே மூன்று வாரம் கேட்கும் சோம்பேறி.
அதற்குள் களை முந்திக்கொள்ளும்.
ஆகவே அதே கோட்டில் முள்ளங்கியும் தூவினேன்.
அது ஐந்தாம் நாளே தலைநீட்டி
இதுதான் வரிசை, இங்கே கொத்தாதே என்று
காவல் நிற்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும்.
எனக்கு மட்டுமே தெரியும் என்பது
எனக்குத் தெரியவில்லை.

டெய்வி ஆற்றுக்கு மேலே ஆறு ஏக்கர்.
முப்பத்திரண்டு வீட்டுக்கு வியாழன்தோறும் ஒரு பெட்டி.
விஷம் தெளிப்பதில்லை என்று வாசலில் எழுதியிருக்கிறோம்,
வெல்ஷில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.
நத்தைகள் இரண்டையும் படித்துவிட்டன போல.
இரவு பத்து மணிக்கு நெற்றியில் விளக்கு கட்டி
வாளியில் பொறுக்குகிறேன்.
சம்பளச் சீட்டில் இதற்குப் பெயர் குழுத்தலைமை.

காலை ஆறரை. மழை என்று சொல்ல முடியாத ஈரம்.
மெய்ரியன் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்,
கைவண்டியைத் திருப்புமுன் இன்னும்
வலத்தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.
நெஸ்டா இரவுப்பணி முடித்து
மருத்துவமனையிலிருந்து நேரே வருவாள்;
வெங்காயத்தாள் கட்டும்போதும்
நாடி பிடிக்கிற அதே இரண்டு விரல்.
ஹைதமுக்கு நாங்கள் கத்தரி வளர்க்கும் விதம் பிடிக்காது.
தினமும் பசுங்குடிலுக்குள் போய்
அரபியில் அவற்றிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறான்.
பிறகு கெதின், நாற்பத்து நான்கு வயது.
மாத்திரையோடு மாத்திரையாக
மருத்துவர் எழுதிக்கொடுத்தது எங்கள் பண்ணை,
செவ்வாயும் வெள்ளியும்.
மூன்று வாரத்தில் அவர் பேசியது:
சரி. இல்லை. பால் வேண்டாம்.

பலகையில் வேலைகளை எழுதிவிட்டுக்
குழாய் உடைப்பைப் பார்க்கப் போனேன்.
திரும்பினால் நான்காம் பாத்தி
சவரம் செய்த கன்னம்.
நாற்பது மீட்டர், ஒரு புல் இல்லை.
ஓரத்தில் முள்ளங்கி, பத்துப் பத்தாய் ரப்பர் பேண்டு போட்டு,
எல்லாத் தலையும் ஒரே பக்கம்.
களைக்கொத்தியில் சாய்ந்து கெதின்:
"நீங்கள் கேட்குமுன்னே முடித்துவிட்டேன்."

ஒரு முழு வாக்கியம்.

என் வாய் ஏற்கெனவே திறந்துவிட்டது.
கிறிஸ்துமஸ் பெட்டிகள் முப்பத்திரண்டும்
அந்த வாய்க்குள் வரிசையில் நின்றன.
பலகையைப் பார்த்தேன். என் கையெழுத்து.
பாத்தி 4: முள்ளங்கி பறி, களை எடு.
பார்ஸ்னிப் என்ற சொல்லே இல்லை.

"கோடு நேராக வந்திருக்கிறது" என்றேன்.
அது பொய்யில்லை.

பத்து மணித் தேநீரில் சொன்னேன்,
எல்லோர் முன்னாலும், என் கோப்பையைப் பார்த்துக்கொண்டு:
அங்கே இன்னொன்றும் முளைத்துக்கொண்டிருந்தது,
எழுத மறந்தவள் நான்.
சொல்லியிருக்க வேண்டுமா, இன்னும் தெரியவில்லை.
கெதின் முகம்
குடை மடிவதுபோல் மடிந்தது.
"நான் ஒருமுறை நாற்பது பயணிகளோடு
வேறு ஊருக்கே போயிருக்கிறேன்" என்றார் மெய்ரியன்.
நெஸ்டா சிரித்தாள்.
கெதின் சிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"அது பார்க்க எப்படி இருக்கும்?"

நாடாபோல் இரண்டு இலை, பிறகு பல்வெட்டிய ஒன்று.
ஐந்து பேரும் முழங்காலில்.
கொத்தி எட்டாத கடைசி அரை மீட்டரில்
பதினொன்று கிடைத்தன.
ஹைதம் பன்னிரண்டு என்றான்.
அந்தப் பன்னிரண்டாவது களை.
யாரும் பிடுங்கவில்லை.

விதைப் பொட்டலம் காலி. புதிது வர வெள்ளி ஆகும்.
வெள்ளி கெதினின் நாள்.
வருவீர்களா என்று நான் கேட்கவில்லை.

இப்போதைக்கு முள்ளங்கி, நாற்பத்தாறு கட்டு.
தொட்டியில் கொட்டிக் கழுவுகிறோம், அவரும் நானும்.
தண்ணீர் முதலில் காப்பி நிறம்,
அப்புறம் தேநீர்,
அப்புறம் அடியில் இருக்கும் கைகள்
யாருடையவை என்று தெரிகிற அளவுக்கு.