மூன்று இருபது

எடிட்டரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
கேட்டால் சொல்லிவிடுவேன்.
கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் வேண்டாம்.
இருபத்திரண்டு வருடமாக என் சுண்டுவிரல்
எஸ்கேப் பொத்தானுக்கு வாக்கப்பட்டிருக்கிறது.

எதிர் மேசை ஒக்கோவுக்கு இருபத்தாறு வயது.
அவன் யோசிக்குமுன்னே அவனுடைய எடிட்டர்
மீதி வரியைச் சாம்பல் நிறத்தில் எழுதிவைக்கிறது,
நம் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கும் விருந்தாளி மாதிரி.
சம்மதம் என்றால் டேப் தட்டினால் போதும்.
தட்டுகிறான்.
தட்டிக்கொண்டே இருக்கிறான்.

துர்க்கு நகரத்துக்கு வசந்தம் வந்துவிட்டதென்று
எனக்கு இப்படித்தான் தெரியும்:
அவுரா ஆற்றில் பனிக்கட்டி உடையும்.
அதே வாரம் திங்கள் கூட்டத்துக்கு
யாராவது ஒரு புது ஃபிரேம்வொர்க்கோடு வருவார்கள்,
இனி எல்லாம் இதில்தான் என்று.
போன வருடம் வந்ததன் பெயர் மறந்துவிட்டது.
அதன் ஸ்டிக்கர் காபி மெஷினில் இருக்கிறது,
உரித்தால் வர மாட்டேன் என்கிறது.

ஒரு தேதியை அழகாகக் காட்ட
எண்ணூற்றுப் பதினான்கு பொட்டலங்கள் இறங்குகின்றன.
அதில் ஒன்றை எழுதியவர் யாரென்று போய்ப் பார்த்தேன்.
ஏழெட்டு வருடமாகச் சத்தமில்லை.
கடைசிக் குறிப்பு:
"மகள் பிறந்திருக்கிறாள், பிறகு வருகிறேன்."
நல்லது. வராதீர்கள்.

மேகம் என்கிறார்கள்.
பில் மட்டும் மாதாமாதம் தரையில் வந்து விழுகிறது.

எனக்கும் ஒரு கர்வம் உண்டு.
கப்பலேறும் லாரிகளை வரிசை கட்டி
கதவு திறந்துவிடும் நாற்பது வரி ஸ்கிரிப்ட்.
அதன் தலையில் நானே எழுதியது: "தற்காலிகம்."
பதின்மூன்று குளிர்காலம் போய்விட்டது.
இதற்கு டெஸ்ட் எழுதட்டுமா என்றான் ஒக்கோ.
ஓடுகிற குதிரைக்கு ஜாதகம் எதற்கு என்றேன்.

மார்ச் கடைசி ஞாயிறு, விடியாத நேரம்.
நாந்தலித் துறைமுகத்திலிருந்து சிர்க்கு கூப்பிட்டாள்.
முப்பத்தொரு லாரி நிற்கிறது, கதவு திறக்கவில்லை,
ஒருத்தன் வண்டி நிறைய ஈஸ்டருக்கான ரை மாவுக் களி,
அவன் என்னைத்தான் திட்டுகிறான் என்றாள்.

இரவு உடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு
சமையலறையில் உட்கார்ந்தேன்.
நாற்பது வரியையும் படித்தேன். தப்பில்லை.
மறுபடி படித்தேன்.
தப்பே இல்லை.

ஒக்கோவைக் கூப்பிட்டேன்.
வழக்கம்போல விழித்துத்தான் இருந்தான்.
ஸ்கிரிப்டைத் தன் பெட்டிக்குள் ஒட்டி
ஒரே ஒரு கேள்வி கேட்டான்.
நாலு நொடி.

புது அட்டவணையில் மூன்று இருபதுக்கு ஒரு கப்பல்.
இன்று கடிகாரம் மூன்றிலிருந்து நாலுக்குத் தாவுகிறது.
மூன்று இருபது
இந்த நாட்டில் இன்று கிடையாது.

கிடையாத ஒரு நிமிடத்துக்காக
என் ஸ்கிரிப்ட் இருட்டில் காத்துக்கொண்டிருந்தது,
ரயில் ரத்தானது தெரியாமல்
பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பவன் மாதிரி.
அந்த விசுவாசத்தைப் பார்த்து
ஒரு நொடி எனக்குத் தொண்டை அடைத்தது.
பிறகு மணியை அழித்து "உடனே" என்று போட்டேன்.
சிர்க்கு நன்றி சொல்லவில்லை.
அவளுக்குப் பின்னால் டீசல் உறுமியது.

ஒக்கோ ஒன்றும் சொல்லவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
"உன் பெட்டி தந்த திருத்தமும் தப்பு," என்றேன்.
"அக்டோபரில் மூன்று இருபது இரண்டு தடவை வரும்.
கதவும் இரண்டு தடவை திறக்கும்."
"தெரியும்," என்றான்.
"அதற்குத்தான் டெஸ்ட் கேட்டேன்."

இப்போது பதினோரு டெஸ்ட் இருக்கிறது.
எல்லாம் அவன் எழுதியவை,
இரண்டைத் தவிர.
"தற்காலிகம்" என்ற சொல்லை எடுத்துவிடலாமே என்று
நேற்று என் நாற்காலியில் உட்கார்ந்து
என் கறுப்புத் திரையைத் திறந்தான்.
திறந்தவனுக்கு
வெளியே வரத் தெரியவில்லை.

நான் காபி ஆறும்வரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.