பக்கம் 877, வரி 15

என் இயந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
அழுகைக்கு ஒன்றுகூடக் கிடையாது.
கேல்ஸ்பர்க் கோர்ட்டில் பத்தொன்பது வருஷமாக
வாயால் சொன்னதை மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
சாட்சி தலையாட்டினால் நீதிபதி அதட்டுவார்:
"வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்தம்மா எழுத வேண்டும்."

ஆஸ்டர்பெர்க் எதிர் டாக்டர் ப்ரூயிட்.
ஒன்பது நாள் நடந்தது.
பித்தப்பையை எடுத்த மறுநாளே
நூற்றிரண்டு காய்ச்சலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள் கொரின்னை.
ராத்திரி அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பேசியதை
ஜூரிக்குப் போட்டுக் காட்டினார்கள். அதையும் தட்டினேன்:
"தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்.
தண்ணிகூட வயித்துல நிக்கலை.
காலையில கூப்பிடட்டுமா?"
பக்கம் 212.
காலை அவளுக்கு வரவில்லை என்பது
வேறொரு சாட்சியின் பக்கத்தில் இருக்கிறது.

எட்டாம் நாள், மதியம் இரண்டேகால்.
நீதிபதி ஜூரிக்குச் சட்டம் வாசித்தார்:
"நல்லெண்ணத்தோடு செய்த கணிப்பு
பிசகிப்போனால் அது அலட்சியம் ஆகாது."
அது பாதிச் சட்டம். மீதிப் பாதி தெரிந்த
வக்கீல் டீக் எழுந்தார்.
எழுந்தார் என்பதும் சரியில்லை.
நாற்காலியை விட்டு அரையடி.
டையைப் பிடித்தார், வாயைத் திறந்தார்,
அந்த நேரம் பார்த்து நிலக்கரி ரயில்
ஜன்னல்களை உலுக்கிக்கொண்டு வந்தது.
நூற்றிருபது பெட்டி. எங்கள் ஊரில் அதற்கு
எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.
போய் முடிந்தபோது டீக் உட்கார்ந்திருந்தார்.
நீதிபதி அடுத்த பத்தியைத் தொடங்கினார்.

இரண்டு மணி பத்து நிமிஷத்தில் ஜூரி திரும்பியது.
டாக்டர்மேல் தவறில்லை.
ஏழாவது பெண் மட்டும்
தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அதற்கும் விசை இல்லை.

அப்பீல் என்றால் மறுபடி கேட்பார்கள் என்று
ஹார்லன் ஆஸ்டர்பெர்க் நினைத்திருந்தார்.
கேட்க மாட்டார்கள்.
வாசிப்பார்கள்.
பக்கத்துக்கு நான்கு டாலர்,
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பக்கம்.
ஏரிப் படகை விற்றுக் கொண்டுவந்தார்.
பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு
"இதுல அவ எங்க இருக்கா?" என்றார்.
நான் எண்ணைச் சொன்னேன்.

பதினான்கு மாதம் கழித்து
ரயில் கேட்காத ஊரிலிருந்து
மூன்று நீதிபதிகளின் பதினொரு தாள் வந்தது.
முதன்முறையாக என்னை யாரோ மேற்கோள் காட்டியிருந்தார்கள்:
"பக்கம் 877, வரி 15.
ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை.
பதிவாகாதது இங்கே எழாது.
தீர்ப்பு உறுதி."

பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவே
அந்த வெள்ளை இடத்தை எத்தனை முறை பார்த்துவிட்டேன்.
ஏதோ ஓர் உயிரெழுத்துக் கேட்டது எனக்கு.
இருமலாகவும் இருக்கலாம்.
கேட்டதைத் தட்டுவேன் என்றுதான் சத்தியம் செய்திருக்கிறேன்,
கேட்ட மாதிரி இருந்ததை அல்ல.
இப்படிச் சொல்லிக்கொண்டால்
சில ராத்திரி தூக்கம் வருகிறது.

போன வாரம் ஹார்லன் வந்தார்.
பெட்டியை எங்கேயோ போட்டுவிட்டாராம்.
அந்த ஒரு பக்கம் மட்டும் வேண்டும்,
212, சுத்தமான பிரதி.
சும்மா கொடுக்க விதியில்லை.
ரசீது எழுதினேன்.
மூன்று நோட்டை வைத்துவிட்டு
கால் டாலர்களை அவர் எண்ணத் தொடங்கியபோது
ரயில் வந்தது.
மூன்றாவது காசில் விரலை வைத்தபடி அவரும்
கையை நீட்டியபடி நானும்
பேசாமல் காத்திருந்தோம்.