தானே

எழுத்தில் அது ஒரே வரி.
சாட்சி நான்கு, நூற்றுப் பதினேழாம் பக்கம்.
வாய் லூர்தம்மாவுடையது,
மலாய் என்னுடையது.

சம்பளம் போட்ட மறுநாள், விடிய இன்னும் ஒரு மணி.
முப்பத்தோராம் நிரையில் மூன்றாவது மரம்.
தலைவிளக்குக்கு பேட்டரி மாற்றி எத்தனை நாள்
என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.
“வெளக்கு மரத்தப் பாக்கத்தானுங்க.
மனுசனப் பாக்க யாரு வாங்கித் தர்றா?”
சிரம்பான் கோர்ட்டு சிரித்தது,
நான் மொழிபெயர்த்த பிறகு.

புகைவீட்டுக்குப் பின்னால் காத்தமுத்து கங்காணி கிடந்தார்.
அவள் பார்த்தது அவரை இல்லை,
ஓடாமல் நடந்துபோன ஒரு முதுகை.
நீலக் கட்டம் போட்ட சட்டை.
இடது காலை லேசாக இழுத்த நடை.

பரஞ்சோதியிடம் அந்தச் சட்டை இருந்தது.
அந்தத் தீபாவளிக்கு பஹாவ் துணிக்கடை தவுக்கே
ஒரே பேலை மூன்று தோட்டத்துக்குக் கடன் விட்டான்;
என் மைத்துனனிடமும் இருந்தது.
பரஞ்சோதி கங்காணிக்கு நானூறு வெள்ளி பாக்கி.
பாக்கி வைத்தவர்கள் பேரை எழுத
கங்காணிக்கு ஒரு நோட்டு போதாது.
பாராங்கில் ரத்தம். காட்டுப்பன்றி அறுத்தோம் என்றான்.
பங்கு வாங்கித் தின்ற வீடு பதினொன்று.
பன்றிக்கு லைசென்ஸ் இல்லை,
ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை.

“சங்கிலி,” என்றார் அரசுத் தரப்பு,
விரலில் விரல் கொக்கி போட்டுக் காட்டி.
கண்ணிக்குக் கண்ணி அறுபடாத சங்கிலி.
கூண்டிலிருந்தவனுக்குத் தமிழில் சொன்னேன்.
அவன் குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தான்.

அதற்கு முன்பே பஹாவ் ஸ்டேஷனில் அடையாள அணிவகுப்பு.
சுவரோரம் ஒன்பது பேர்.
எட்டுப் பேர் காலில் ஜப்பான் சிலிப்பர்.
ஒருவன் காலில் ஒன்றுமில்லை,
லாக்கப்பில் கழற்றச் சொன்னவர்கள்
திருப்பித் தர மறந்தார்கள்.
எவரையும் நடக்கச் சொல்லவில்லை.
அவளோ தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்,
காலை மட்டும் ஞாபகம் வைத்திருந்தவள்.

பிறகு அந்தக் கேள்வி.
அன்றைக்கு நீ பார்த்தது யாரை?
விரல் நீண்டது.
“அவன்தானே.”

தமிழில் படிக்கிற உங்களுக்கு
இதை நான் விளக்க வேண்டியதில்லை.
அவனேதான், இதிலென்ன சந்தேகம் என்பதும் அதுதான்.
அவன்தானே, நீங்கதான் சொல்லணும் என்பதும் அதுதான்.
கடைசி ஏகாரம் இறங்கியதா ஏறியதா,
அவ்வளவுதான் வித்தியாசம்.
மலாயில் வாசல் இரண்டு, ஒன்றில்தான் நுழையலாம்.
டியா லா.
டியா கான்?
என் தலைக்கு மேலே விசிறி கறகறத்தது.
அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
என்னை ஏன் பார்த்தாள்?

“டியா லா,” என்றேன்.
நீதிபதியின் பேனா நகர்ந்தது.

காஜாங்குக்குக் கொண்டுபோனார்கள்.
அப்புறம் நான் விசாரிக்கவில்லை.
அவன் செய்திருக்கவும் கூடும்.
இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு வருடம் கழித்து, பஹாவ் பஸ் நிலையம்.
ரொம்பின் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
மீன் பையோடு லூர்தம்மா.
என்னை அளந்தாள், காலிலிருந்து மேலே.
“மண்டோர் சிலுவராசு தம்பிதானே?”

இந்த முறை விசிறி இல்லை.
பஸ் எதுவும் உறுமவில்லை.
இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை,
ஏறியதா, இறங்கியதா.
எனக்கு அண்ணனே கிடையாது.
அவள் நின்றாள். நான்
“ஆமா” என்றேன்.

“மூஞ்சி மட்டும் எனக்கு மறக்கவே மறக்காதுங்க”
என்று சிரித்து, பைக்குள் கைவிட்டு,
நேற்றைய பேப்பரில் நான்கு கெம்போங் மீனைச் சுருட்டி
என் கையில் வைத்தாள்.
அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டுமாம்.