கழிவு

கடை வாசலில் தொங்கும் துணியில்
ஒவ்வொரு எழுத்தும் என் உயரம்:
ஐம்பது வீதம் கழிவு.
ஹட்டன் மெயின் ரோட்டில்
தீபாவளிக்கு இன்னும் பதினொரு நாள்.
மழையும் விட்டபாடில்லை,
ஒலிபெருக்கியும் விட்டபாடில்லை.

காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை
நான் சொல்வது மூன்றே வாக்கியம்.
வாங்க அக்கா.
இதுதான் கடைசி பீஸ்.
நாளைக்கு இந்த விலை இருக்காது.
முதலாவதைத் தவிர மற்றதெல்லாம் பொய்.

கடைசி பஸ்ஸில்
ஈரக் கம்பியில் தலை சாய்த்து
போனைத் திறந்தால்
அதே மூன்று வாக்கியம் எனக்கு வருகிறது.
யாரோ சம்பளத்துக்கு எழுதியது என்று தெரியும்.
தெரிந்தும் விரல் போகிறது.

கூடையில் சேர், என்கிறது திரை.
அம்மாவிடமும் ஒரு கூடை இருந்தது.
மலையில் நிறைத்து இறக்கினால்
தராசடியில் கணக்கப்பிள்ளை
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று என்று
கழித்துக்கொண்டுதான் எழுதுவார்.
அதற்கும் பெயர் கழிவு.
அவளிடம் கழித்ததை
எனக்குத் திருப்பித் தருகிறார்கள் என்று
ஒரு ராத்திரி நினைத்துச் சிரித்தேன்.
அன்றைக்கு வாங்கியது
முட்டை அவிக்கும் மெசின்.

செவ்வாய் எனக்கு லீவு.
பார்சல் கொண்டுவரும் டிலுக்‌ஷன்
லயத்துக்கு முகவரி இல்லாததால்
படியடியில் பைக்கை நிறுத்தி ஹோர்ன் அடிப்பான்.
கேட்டதும் நெஞ்சு துள்ளும்.
காசைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு
மேலே ஏறி வருவதற்குள்
துள்ளினது படுத்துவிடும்.
எண்ணிப் பார்த்தேன்,
நாற்பத்தியிரண்டு படி.
என் சந்தோசத்தின் நீளம் அவ்வளவுதான்.

கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பெட்டி பதினாலு.
காதுப்பூ அடகில்.
தூக்கம் எதில் என்று தெரியவில்லை.
ஆஸ்பத்திரிச் சுவரில்
மனநல கிளினிக் வியாழக்கிழமை என்று ஒட்டியிருந்ததை
படமெடுத்து வைத்திருக்கிறேன்,
அதையும் ஒரு கூடையில் போட்டதுபோல.

இன்றைக்கு அந்தப் பெண் மூன்றாந்தடவை வந்தாள்.
வட்டவளைப் பக்கம்.
பில்லில் பெயர் சந்திரவதனி.
காலையில் பச்சைச் சாரி.
பகலைக்கு அதே சாரி நீலத்தில்.
இப்போது பிள்ளைக்குப் பாவாடை.
முற்பணக் கவருக்குள் விரலை விட்டு
மிச்சத்தைத் தடவிப் பார்க்கிறாள்,
கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல்.
அந்த விரலை எனக்குத் தெரியும்.

இதுதான் கடைசி பீஸா, என்றாள்.
கல்லாவில் முதலாளி மகன்.
மடிப்புச் சரிசெய்வதுபோல் குனிந்து சொன்னேன்:
இல்லை, மேலே நாற்பது கிடக்கு.
போய் ஒரு பிளேன்டீ குடிங்க.
நாளைக்கும் வேணும்போல இருந்தா வாங்க.

முதலில் அவள் முகத்தில் கோபம்.
காசில்லாதவள் என்று நான் நினைத்ததாக
நினைத்திருப்பாள்.
பிறகு குடையை விரித்து
விரித்த குடையோடு
வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.
எந்தப் பக்கம் போனாள் என்று பார்க்கவில்லை.
எதிர்க்கடையிலும் ஐம்பது வீதம்தான்.

பஸ்ஸில் போன் நடுங்கியது.
கூடையில் ஒரு பொருள் உங்களுக்காகக் காத்திருக்கிறது.
சாம்பல் நிறச் சால்வை.
குளிருக்கு நல்லது, உண்மையிலேயே நல்லது,
வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது.

கோயில் வளைவு தாண்டினால் சிக்னல் இல்லை.
முந்தியெல்லாம் வளைவிலேயே இறங்கி
மழையில் நின்று ஓடர் பண்ணிவிட்டு
மீதி வழியை நடந்து போவேன்.
இன்றைக்கு இறங்கவில்லை.
கண்டக்டர் கூட ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.
பஸ் வளைந்தது.
சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.
கை மட்டும் சும்மா இருக்கவில்லை,
டிக்கெட்டை மடித்து, மடித்து,
இனி மடிக்க இடமில்லாத மட்டும் மடித்தது.

நாற்பத்தியிரண்டு படி.
ஒன்றும் சுமக்காமல் ஏற
ஏனோ மூச்சு வாங்கியது.

நாளை புதன்.
ஏழே முக்கால் பஸ் வளைவைத் தாண்டும்போது
சிக்னல் திரும்ப வரும்.