ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

அரோயேரா கட்டடத்தின் உச்சியில்
லிஃப்ட் எந்திர அறை. கிரீஸ் நெடி.
இரவுப் பணியில் எனக்குத் துணை ஒரு மோட்டார்,
நைலான் கம்பி பூட்டிய ஒரு கிதார்.
கீழே சாவ் பாவ்லோ
தூறலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு காலைகளில் பேக்கரி வாசலில்
நாங்கள் ஐந்து பேர் ஷோரோ வாசிப்போம்.
புல்லாங்குழல்காரி தார்சீலா போன வாரம் சொன்னாள்:
"ஜெனிவால்டோ, பத்தொன்பதாவது தாளக்கட்டு வந்தால்
உனக்கு இருமல் வந்துவிடுகிறது."
மறுக்க முடியவில்லை.
அங்கே ஒரு டிமினிஷ்டு கார்டு இருக்கிறது.
இருமினால் கை தப்பியது யாருக்கும் கேட்காது.

ஆகவே இன்று அதை
பழுதான கதவுப் பூட்டைப்போல் அக்கக்காகக் கழற்றினேன்.
நாலாம் கம்பி, முதல் ஃப்ரெட்: ஆள்காட்டி விரல்.
மூன்றாம் கம்பி, இரண்டாம் ஃப்ரெட்: மோதிர விரல்.
இரண்டாம் கம்பியில் திரும்பவும் முதலுக்கு இறங்கி நடுவிரல்.
கடைசிக் கம்பியில் இரண்டுக்கு ஏறிச் சுண்டுவிரல்.
கை, குடித்துவிட்டுப் படியேறுகிறவனின் கால்கள்போல
கோணல்மாணலாக நின்றது.

அதே கோணலோடு மூன்று ஃப்ரெட் நகர்த்தினால்
அதே நாலு சுரங்கள், நாற்காலி மாறி.
இன்னும் மூன்று. மறுபடி அவர்களே.
மூன்று மாடிக்கு ஒருமுறை கதவு திறக்கையில்
அதே நடைவழி, அதே ஈரக் குடை,
அதே பூண்டு வதக்கும் வாசனை என்றால்
எந்த மாடி என்று யாரைக் கேட்பது?
நாலு பேருக்கும் இடையே ஒரே தூரம்.
இதில் யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி?
முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

மணி அடித்தது.
மின்சாரம் ஒரு சொடுக்குப் போய் வந்ததில்
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே பெட்டி நின்றுவிட்டது.
உள்ளே ஒரே ஆள்,
பதினோராம் மாடிக் கணக்காளர் டோனா ஸொராய்ஜி.
"நாலு நிமிடம் பொறுங்கள்,
கன்ட்ரோல் பெட்டி தன்னைச் சரிபார்க்கிறது" என்றேன்.
இன்டர்காமை அணைக்க மறந்து
கை தானாகக் கிதாருக்குப் போனது.

முதல் ஃப்ரெட். நாலாம் ஃப்ரெட். ஏழாம் ஃப்ரெட்.

"என்னய்யா அது, பேய்ப் படமா?
நானே இங்கே அந்தரத்தில் நிற்கிறேன்.
ஒன்று முடி, இல்லை நிறுத்து."
"எங்கே முடிப்பதென்று தெரியவில்லை, டோனா.
நாலு பக்கமும் வாசல்."
"எனக்கு ஒரு வாசல் போதும்."

முதல் ஃப்ரெட்டுக்குத் திரும்பினேன்.
நகங்கள் வெளுத்திருந்தன. இத்தனை நாளும்
அழுத்தினால்தான் அது வழிவிடும் என்று நினைத்திருக்கிறேன்.
ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்தேன்.
நாலாம் கம்பி வெறுமையாய் ஒலித்தது,
அரைப்படி கீழே.
மற்ற மூவரும் அசையவில்லை.
ஆனாலும் யார் வீட்டுக்காரர் என்று
சட்டென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.
டி செவன்த். அதன் பின்னால்
ஜி மேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.

இன்டர்காமில் ஒரு மூச்சு.
"ஆ," என்றாள். "அதுதான்."

கன்ட்ரோல் பெட்டி பிழைக்கவில்லை.
மெயினை அணைத்து, பிரேக் நெம்புகோலைப் பிடித்தேன்.
இதிலும் அழுத்தம் எதுவும் இல்லை,
பிடியை விட வேண்டும், அவ்வளவே.
உள்ளே ஒருவர் மட்டும் இருந்தால் எதிர் எடைதான் கனம்.
சுரம் இறங்கியது, பெட்டி ஏறியது,
எட்டாம் மாடித் தரையோடு தரையாய் நின்றது.

மிச்சம் மூன்று மாடியை
டோனா ஸொராய்ஜி நடந்தே ஏறினாள்.
ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டிக்கொண்டு.
பதினொன்றில் கதவைத் திறக்கும்போது
அங்கேயும் எட்டாம் மாடியே இருந்திருந்தால்
என்ன செய்திருப்பாள்?
கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஞாயிறன்று பத்தொன்பதில் நான் இருமவில்லை.
தார்சீலா குழலுக்கு மேலாகப் புருவத்தை உயர்த்தினாள்.
அந்தப் பெருமிதத்திலேயே
இருபத்துமூன்றில் கவிழ்ந்தேன்.