துத்திப்பட்டு தாண்டுவதற்குள்

காலை ஆறு நாற்பது. பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்.
மடியில் டிபன் பை, பையின்மேல் நோட்டு,
நோட்டின்மேல் போன வருஷக் கேள்வித்தாள்.
துணைப்பாட வேதியியல், நான்காவது தடவை.
மற்ற எல்லாம் பாஸ். இது ஒன்றுதான்
செருப்புக்குள் கல் மாதிரி.

பின்வரும் குவாண்டம் எண்களில்
அனுமதிக்கப்படாதது எது?
என் இரண்டு, எல் இரண்டு.
தமிழில் எழுதினால் இந்த ‘என்’
என்னுடையது போலவே இருக்கிறது.
எல்லுக்கு ஓர் எல்லை உண்டு:
என்னைவிட ஒன்றாவது குறைய வேண்டும்.
அதனால் இது ஆகாது. அடித்தேன்.
பஸ் குலுங்கியதில் கோடு
அனுமதிக்கப்பட்டதன் மேலும் விழுந்தது.

சம ஆற்றலுள்ள மூன்று ஆர்பிட்டால் இருந்தால்
எலெக்ட்ரான்கள் முதலில் தனித்தனியே அமரும்,
இடம் தீர்ந்த பிறகுதான் ஜோடி சேரும்.
எங்கள் பஸ்ஸில் அப்படி யாரும் உட்கார்ந்து
நான் பார்த்ததில்லை.
முன்னால் ஏழு சீட் காலி.
இருவர் சீட்டில் ஷம்ஷாத், எமிலி, நான்.
ஷம்ஷாத்தின் பாதி உடம்பு நடைவழியில்.
விதியை மீறிய அமைப்பைத்
தவறு என்று புத்தகம் சொல்லவில்லை,
கிளர்வுற்ற நிலை என்கிறது.
சொன்னேன்.
“காலங்காத்தால என்னடி கிளர்ச்சி” என்றாள் ஷம்ஷாத்.

நான்கு எண்ணும் ஒன்றாய்
ஓர் அணுவில் இரண்டு எலெக்ட்ரான் இருக்காது.
என் டோக்கனும் நான்கு எண்தான்: 2110.
எனக்கு முன் அதே எண்ணில் ஒருத்தி
அதே மேஜையில் சோலுக்குப் பசை தடவினாள்.
அட்டையின் பின்னால் அவள் ஒட்டிய பொட்டு
இன்னும் இருக்கிறது, நான் பிய்க்கவில்லை.
ஒருத்தி போன பின் இன்னொருத்தி வருவதைப் பற்றி
விதியில் ஒன்றும் இல்லை.

பதினோராம் கேள்வி, தரம் பார்த்தல்.
கந்தக அமிலம் இருபத்தைந்து மில்லி,
பாயின்ட் ஒன்று மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு
இருபது மில்லி செலவாகிறது.
பெருக்கி, வகுத்து, பாயின்ட் சுழியம் எட்டு.
பின்பக்கத்து விடை: பாயின்ட் சுழியம் நான்கு.

மறுபடி போட்டேன். எட்டு.
பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. எட்டு.

செய்முறைத் தேர்வில் இந்தத் தரம் பார்த்தலில்தான்
ஒரு சொட்டு அதிகம் விட்டேன்.
வெள்ளை ஓட்டின்மேல் குடுவை
ரோஸ் மில்க் நிறத்துக்குப் போய்விட்டது.
எமிலியின் பியூரெட் அளவைப் பார்த்து
என் அட்டவணையில் மூன்று முறை எழுதினேன்,
ஒத்த அளவு, பதினெட்டுப் புள்ளி ஆறு.
முழு மார்க். அவளுக்கு ஒன்று குறைவு.
இதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை.
இப்போது என் தோளில் வாய் திறந்து தூங்குகிறாள்.

தம்பி ஏழுமலை தோல் ஷாப்பில் பிக்கிள் டிரம் பார்க்கிறான்.
உப்புத் தண்ணீர், பிறகு இதே அமிலம்,
மொத்தமாய் ஊற்றினால் தோல் வீங்கிவிடுமாம்,
மூன்று தவணை, நடுவில் ஒரு டீ.
கடைசியில் ஓரத்தை அறுத்து
பச்சை மருந்து ஒரு சொட்டு விடுவான்,
வெட்டின இடம் நடுவரை மஞ்சளானால் சரி.
நேற்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே,
“இதெல்லாம் உன் பரிட்சையில கேக்க மாட்டாங்களா?
நான் வந்து எழுதிடறேன்” என்றான்.
விரலில் புதிதாய் ஒரு கொப்புளம்.
“ஒரு கைய தட்டிவிட்டாலும்
இன்னொரு கையால கடிக்குது” என்றான்.

இரண்டு கை.

இரண்டு ஹைட்ரஜன்.
ஒன்றைத்தானே எண்ணியிருக்கிறேன்,
மூன்று பரிட்சையிலும்.
ஒன்றுக்கு இரண்டு என்று எழுதி
எட்டைப் பாதியாக்கினேன்.
நான்கு.

துத்திப்பட்டு வந்துவிட்டது, வாசனையே சொல்லிவிட்டது.
எமிலியை எழுப்பினேன்.
வரிசையில் நின்று அட்டையைத் தேய்த்து
பசை டப்பாவைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது,
விடைக்கு அலகு எழுதவில்லை.